பேனா யார் கையில்? பதின்ம வயதினரின் காலநிலை எண்ணங்களை அறிய மூன்று வகை டிஜிட்டல் கதைகள்

15 வயதுப் பிள்ளை ஒருவரிடம் "காலநிலை மாற்றத்தைத் தடுக்க நீ என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். மரம் நடுவேன், தேவையில்லாத விளக்கை அணைப்பேன், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பேன் என்று பதில் வரும். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. கேள்வி தேர்வுத்தாளில் வருவதுபோல இருந்தது, பதிலும் விடைத்தாளில் எழுதுவதுபோல வந்துவிட்டது. நமக்குத் தெரிய வேண்டியது வேறு. நண்பர்கள் எல்லோரும் ஒரு பக்கம் நிற்கும்போது அந்தப் பிள்ளை வாய் திறக்குமா? இது தன் வேலை என்று நினைக்கிறதா, பெரியவர்கள் விட்டுவைத்த வேலை என்று நினைக்கிறதா? யார் மேல் கோபம்? எதைச் செய்தாலும் பயனில்லை என்ற எண்ணம் எந்த இடத்தில் வருகிறது?

கதை உதவுவது இங்கேதான். ஒரு பாத்திரத்தை இக்கட்டில் நிறுத்திவிட்டு "இப்போது என்ன?" என்று கேட்டால் பதிலின் தன்மையே மாறிவிடுகிறது. வேதாளம் விக்கிரமாதித்தனிடம் செய்தது இதைத்தான். கதையைச் சொல்லி முடிக்கும், யார் செய்தது சரி என்று கேட்கும். அரசன் சொல்லும் பதிலில், நியாயம் என்று அவன் எதை நினைக்கிறான் என்பது தானாக வெளியே வந்துவிடும். "நீ நியாயவானா?" என்று நேராகக் கேட்டிருந்தால் "ஆம்" என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்கும்.

ஊடாடும் டிஜிட்டல் கதை என்ற பெயருக்குள் குறைந்தது மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. நாம் எழுதி, அவர்கள் வழியைத் தேர்ந்தெடுக்கும் கதை ஒன்று. நாம் தொடங்கி, அவர்கள் முடிக்கும் கதை இன்னொன்று. அவர்களே முழுதாக உருவாக்கும் கதை மூன்றாவது. ஆசிரியர்கள், இளைஞர் குழுக்களை நடத்துபவர்கள், ஆய்வு செய்பவர்கள் என்று பலரும் இவற்றில் எதை எடுப்பது என்று யோசிக்கும்போது மென்பொருளிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் வேறொரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன்: கதையின் திருப்பங்களை எழுதப்போவது யார்? பேனா நம் கையில் இருக்கும் அளவுக்கு, திரும்பி வரும் பதிலில் நம் குரலும் கலந்திருக்கும். மற்ற எல்லா வேறுபாடுகளும் இதற்கு அடுத்துத்தான்.

முதலில்: கதையே வேண்டாத இடம்

எண்ணிக்கை வேண்டுமென்றால் கருத்துக்கணிப்பை நடத்துங்கள். கதை அந்த வேலையைச் செய்யாது. 2021-இல் லான்செட் குழுமத்தின் இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் கேட்டது. காலநிலை மாற்றம் பற்றி மிகவும் அல்லது மிக மிகக் கவலைப்படுவதாக 59 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஓரளவாவது கவலைப்படுபவர்களையும் சேர்த்தால் 84 விழுக்காடு. அந்த உணர்வுகள் தங்கள் அன்றாட வாழ்க்கையைப் பாதிப்பதாகச் சொன்னவர்கள் 45 விழுக்காட்டுக்கும் மேல். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2020-இல் செல்பேசி விளையாட்டுகளுக்கு நடுவே விளம்பரம் வரும் இடத்தில் கேள்விகளை வைத்து, 50 நாடுகளில் 12 லட்சம் பேரின் பதிலைப் பெற்றது. அதில் 18 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் 69 விழுக்காட்டினர் இதை உலக அவசரநிலை என்றார்கள். எந்தக் கதையாலும் இந்த வீச்சை எட்ட முடியாது, எட்ட முயலவும் வேண்டாம்.

ஆனால் "மிகவும் கவலைப்படுகிறேன்" என்ற ஒரே கட்டத்தில், நாளைக்கே ஏதாவது செய்யத் துடிக்கும் பிள்ளையும் டிக் அடிக்கும், எல்லாம் கைவிட்டுப் போனதாக நினைக்கும் பிள்ளையும் டிக் அடிக்கும். நம்பிக்கையும் அப்படித்தான். ஸ்வீடன் இளைஞர்களிடம் ஆய்வு செய்த மரியா ஒயாலா, நம்பிக்கையில் இரண்டு வகை இருப்பதைக் காட்டினார். பிரச்சினையின் அளவைக் குறைத்துப் பார்ப்பதால் வரும் நம்பிக்கை ஒன்று. பிரச்சினையை ஏற்றுக்கொண்டு, மற்றவர்களும் சேர்ந்தால் முடியும் என்பதால் வரும் நம்பிக்கை மற்றொன்று. இரண்டாம் வகை உள்ளவர்கள்தான் செயலிலும் இறங்கினார்கள். முதல் வகையில் நிலைமை நேர்மாறு. "எனக்கு நம்பிக்கை இருக்கிறது" என்ற ஒரு வரியை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. கதையில் பிரித்துவிடலாம், ஏனென்றால் பாத்திரம் அடுத்து என்ன செய்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

கிளை பிரியும் கதை

மூன்றில் இதுதான் எல்லோருக்கும் சட்டென்று பிடிக்கும். பிள்ளைகள் செல்பேசியில் 15 நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே காட்சியைப் பார்ப்பதால் பதில்களை ஒப்பிடலாம். எழுதப் பிடிக்காதவர்களும் பங்கெடுக்கலாம். வசதியான வடிவம்தான், அந்த வசதியில் சில குழிகளும் மறைந்திருக்கின்றன. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். மதி பள்ளி மாணவர் குழுவில் இருக்கும் பிள்ளை. ஆண்டுச் சுற்றுலாவுக்கு விமானத்தில் போகலாம் என்று வகுப்பு முழுக்க ஆசைப்படுகிறது. ரயிலிலும் போக முடியும், ஒரு நாள் கூடுதலாக ஆகும். மதியின் நெருங்கிய தோழமை ஒருவர் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை, நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். குழுக் கூட்டம் தொடங்குகிறது. மதி என்ன செய்யலாம்? பேசாமல் இருக்கலாம். ரயிலுக்காக எல்லோர் முன்னும் பேசலாம். கூட்டம் முடிந்த பிறகு ஆசிரியரிடம் தனியாகச் சொல்லலாம்.

மூன்றுமே நியாயமான வழிகள்போலத் தெரிகின்றன. மூன்றையும் எழுதியது நான். எனக்குத் தோன்றாத வழியைத் தேர்ந்தெடுக்க அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பே இல்லை. "முதலில் தோழமையிடம் தனியாகப் பேசுவேன்" என்று நினைக்கும் பிள்ளை, ஏறக்குறையப் பொருந்தும் ஒன்றை அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். "சுற்றுலாவே வேண்டாம்" என்று நினைப்பவருக்கும், "விமானத்தில் போவதில் தவறே இல்லை, இதை ஏன் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்" என்று நினைப்பவருக்கும் இதே கதிதான். நான் வைத்த கதவுகளில் எத்தனை பேர் எதைத் திறந்தார்கள் என்பதுதான் எனக்குக் கிடைக்கும்.

இரண்டாவது குழி, விளைவு. இப்படியொரு கதையை முதல்முறை எழுதியபோது நான் இதில்தான் விழுந்தேன். விமானத்துக்குத் தலையாட்டினால் அடுத்த பக்கத்தில் வெள்ளம், ரயிலுக்குப் பேசினால் கைதட்டல் என்று எழுதியிருந்தேன். எழுதும்போது அது இயல்பாகத்தான் பட்டது. ஆனால் அந்த முதல் விளைவைப் பார்த்த நொடியிலேயே பிள்ளைக்குப் புரிந்துவிடும்: இந்தக் கதைக்கு ஒரு சரியான விடை இருக்கிறது. அதன் பிறகு வருவதெல்லாம் விடைத்தாள்தான். இல்லையென்றால் நேர் எதிரான வேலை நடக்கும். தன் சுதந்திரத்தில் கை வைக்கிறார்கள் என்று தோன்றினால் மனிதர்கள் முரண்டு பிடிப்பார்கள் என்று உளவியலாளர் ஜாக் பிரேம் 1966-லேயே எழுதினார். பதின்ம வயதில் அந்த முரண்டு எவ்வளவு வலுவானது என்பதைப் பிள்ளைகளோடு பழகிய யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் மனதை அறிவதற்காக எழுதும் கதை யாரையும் தண்டிக்கக் கூடாது, பாராட்டவும் கூடாது. எந்த வழியில் போனாலும் ஏதோ ஒன்று கிடைத்து, ஏதோ ஒன்று இழக்கப்பட வேண்டும். ரயில் முடிவானால் தோழமை இரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும். விமானம் முடிவானால் பயணம் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கட்டும், திரும்பி வரும்போது மதிக்கு ஒரு கேள்வி மட்டும் மிஞ்சட்டும்.

மூன்றாவதுதான் பெரிய குழி. ஒரு பிள்ளை ஒரு வழியை அழுத்தியது என்பதாலேயே அது அந்தப் பிள்ளையின் மனம் என்று ஆகிவிடாது. கிளைக் கதையை விளையாட்டாகப் பார்ப்பவர்கள், அழுத்தினால் என்ன ஆகும் பார்ப்போம் என்றே மோசமான வழியைத் தேடிப் போவார்கள். அது ஆர்வம், வேறொன்றும் இல்லை. "62 பேர் பேசாமல் இருந்தார்கள்" என்று அறிக்கை எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு அதில் மிகுந்த நம்பிக்கை உண்டு. ஒவ்வொரு முடிவிடத்திலும், அதாவது வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும், ஒரே கேள்வியை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். மதி என்ன செய்யும் என்று நினைக்கிறாய்? நீயாக இருந்தால் என்ன செய்வாய்? உன் வகுப்பில் பெரும்பாலானவர்கள் என்ன செய்வார்கள்? மூன்று பதில்களுக்கும் நடுவே விழும் இடைவெளியில்தான் செய்தி இருக்கிறது. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம், காலநிலைக்காக மாத வருமானத்தில் 1 விழுக்காட்டைத் தருவீர்களா என்று கேட்டது. 69 விழுக்காட்டினர் தருவோம் என்றார்கள். மற்றவர்களில் எத்தனை பேர் தருவார்கள் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன கணக்கு 43 விழுக்காடுதான். தான் தயார், ஊர் தயாரில்லை என்ற எண்ணம் எவ்வளவு பரவலானது பாருங்கள். வகுப்பில் 40 பேரும் ரயிலுக்குத் தயாராக இருந்துகொண்டு, மற்ற 39 பேரும் சிரிப்பார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால், அவர்களுக்குத் தேவைப்படுவது இன்னொரு விழிப்புணர்வுப் பாடமாக இருக்காது.

வேலைச் சுமையையும் சொல்லிவிடுகிறேன். முடிவிடத்துக்கு இரண்டு வழி, ஐந்து முடிவிடங்கள் என்று வைத்து எந்தக் கிளையையும் இணைக்காமல் எழுதினால் கதைக்கு 32 இறுதிப் பக்கங்கள், மொத்தம் 63 பக்கங்கள். ஒவ்வொரு வாசகரும் அதில் ஆறு பக்கம் மட்டுமே பார்ப்பார். அதனால் கிளைகளைப் பிரித்த கையோடு அடுத்த காட்சியில் சேர்த்துவிடுங்கள். மூன்று முடிவிடங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வழிகள், வழிக்கு ஒரு சிறிய விளைவுப் பக்கம், பிறகு எல்லோரும் ஒரே அடுத்த காட்சிக்கு. மொத்தம் 13 பக்கத்தில் முடிந்துவிடும். ஒப்பிடுவதற்கும் இதுவே நல்லது.

நாம் தொடங்கி அவர்கள் முடிக்கும் கதை

உளவியலில் பழைய முறை இது. ஒரு கதையின் முதல் சில வரிகளைக் கொடுத்து, மீதியை எழுதச் சொல்வது. வர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் முதலியவர்கள் இதைப் பண்புசார் ஆய்வுக்கான, அதாவது எண்ணிக்கையை விட்டுப் பொருளைத் தேடும் ஆய்வுக்கான முறையாக வளர்த்தெடுத்து விரிவாக எழுதியிருக்கிறார்கள். டிஜிட்டலில் இதற்குக் கூடுதல் உயிர் கிடைக்கிறது. தொடக்கத்தை நண்பர்கள் குழுவின் அரட்டையாகவே காட்டலாம். கடைசிச் செய்தி வந்து நிற்கிறது, பதில் எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது, அங்கிருந்து பிள்ளை எழுதத் தொடங்குகிறது.

இங்கே பேனா கைமாறிவிட்டது. நாம் நினைத்தே பார்க்காதது வரும். நண்பர்கள் முன்னால் பேசாமல், இரவு வீட்டில் தாத்தாவிடம் கேட்கும் மதி வரலாம். கூட்டத்தில் பேசி, எல்லோரும் சிரிக்க, அடுத்த ஆண்டு குழுவிலிருந்தே விலகும் மதி வரலாம். எந்தக் கிளைக் கதையிலும் அந்தக் கதவை நாம் வைத்திருக்க மாட்டோம்.

தமிழில் இந்த முறைக்கு மட்டுமே உள்ள ஓர் ஆதாயத்தைச் சொல்லியாக வேண்டும். நம் மொழியில் "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. ஒரு பிள்ளை "நாம் மாற வேண்டும்" என்று எழுதினால் படிக்கும் உங்களையும் சேர்த்துக்கொள்கிறது. "நாங்கள் மாற வேண்டும்" என்றால் தன் வயதினரை மட்டும் சொல்கிறது. "நாங்கள் ஏன் மாற வேண்டும்?" என்று வந்தால், எதிரே ஒரு "நீங்கள்" நிற்கிறது என்று பொருள். அந்த "நீங்கள்" யார் என்பது கதைக்குள் தெரியும். பெற்றோரா, அரசா, பணக்கார நாடுகளா, ஆசிரியரா? பொறுப்பு யாருடையது என்று நேராகக் கேட்டால் "எல்லோருடையதும்" என்பார்கள். அவர்கள் எழுதியதில் இந்த இரண்டு சொற்களையும் வட்டமிட்டுக்கொண்டு படித்தால் உண்மையான கணக்கு கிடைக்கும்.

தமிழில் ஒரு தொந்தரவும் உண்டு. படர்க்கையில் எழுதினால் வினைமுற்று பாலைக் காட்டிவிடும். "மதி வந்தாள்" என்று தொடங்கினால் பையன்கள் பலர் தள்ளி நின்று எழுதுவார்கள், "வந்தான்" என்றால் பெண்கள். "மதி வந்தார்" என்றால் மதிக்கு 40 வயது ஆகிவிடுகிறது. "நீ வருகிறாய்" என்றோ "நான் வந்தேன்" என்றோ எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தன்னைப் பற்றியே எழுதுகிறோம் என்ற உணர்வு வந்து, விடைத்தாள் வாடை திரும்ப அடிக்கத் தொடங்கும். தொடக்கத்தை அரட்டை வடிவில் வைக்க நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அரட்டையில் மதி என்ற பெயரின் கீழ் வரும் செய்தி "நான் யோசிச்சுச் சொல்றேன்" என்று இருந்தால் போதும், பால் தெரியாது. மதி ஆணா பெண்ணா என்பதை எழுதும் பிள்ளையே முடிவு செய்துகொள்ளும். அந்த முடிவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மேலே உள்ள செய்தி பேச்சுத் தமிழில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது முக்கியம். பாடநூல் நடையில் தொடங்கினால் பாடநூல் நடையில்தான் முடிப்பார்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். இது மதிப்பெண்ணுக்கு இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, கதைப் பக்கத்தின் ஒவ்வொரு வரியும் அதை உணர்த்த வேண்டும்.

குறைகள்? எழுதத் தயங்குபவர்கள் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். குரலில் பதிவு செய்ய வழி வைத்தால் இது கொஞ்சம் தீரும். சிலர் பார்த்த பேரழிவுப் படத்தை அப்படியே எழுதுவார்கள், சிலர் "எல்லாம் கனவு" என்று முடிப்பார்கள். அவற்றையும் தூக்கி எறிய வேண்டாம், தப்பிக்கும் வழியைத் தேடியதும் ஒரு பதில்தான். படிக்கும் வேலை அதிகம். 100 பேர், ஆளுக்கு 200 சொல் என்றால் 20,000 சொற்கள். அதை ஒருவர் மட்டும் படித்துப் பொருள் சொல்வது ஆபத்து, இரண்டு பேராவது தனித்தனியாகப் படித்துவிட்டு உட்கார்ந்து பேச வேண்டும். அப்புறம், கதையை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மதி பொய் சொன்னால் எழுதிய பிள்ளை பொய்யர் ஆகிவிடாது. இப்படிப்பட்ட இக்கட்டில் என்னென்ன நடக்கக்கூடும் என்று இந்தத் தலைமுறை நினைக்கிறது, எது நடக்கவே நடக்காது என்று நினைக்கிறது என்பதுதான் இந்தக் கதைகளில் கிடைப்பது. அதற்கு மேல் கேட்டால் கதை தராது.

அவர்களே உருவாக்கும் கதை

ட்வைன் என்ற மென்பொருளை கிறிஸ் கிளைமாஸ் 2009-இல் உருவாக்கினார். இலவசம், உலாவியிலேயே வேலை செய்யும், நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பக்கங்களைப் பெட்டிகளாகவும் வழிகளை அம்புக்குறிகளாகவும் காட்டும். ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். இங்க் என்ற கதை மொழியை இங்கிள் நிறுவனம் 2016-இல் திறமூலமாக வெளியிட்டது, கொஞ்சம் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு அது இன்னும் வேகமானது. ரென்பை, படங்களோடு கூடிய கதைக்கு. படம் வரைய ஆர்வமுள்ள பிள்ளைகள் குழுவில் இருந்தால் அதை எடுக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

நான்கைந்து அமர்வுகளாவது தேவைப்படும் வேலை இது. ஆழத்தில் மற்ற இரண்டையும் விட மேல். பிள்ளைகள் ஒரு முடிவிடத்தை உருவாக்கும்போது, மனிதர்களுக்கு இங்கே என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தாங்களே முடிவு செய்கிறார்கள். ஒரு குழு அமைச்சருக்குக் கடிதம் எழுதும் வழியை வைக்குமா? வைத்தால், அடுத்த பக்கத்தில் பதில் வருமா? எத்தனை பெட்டிகளில் அம்புக்குறி "எதுவும் மாறவில்லை" என்று போய் நிற்கிறது? அவர்கள் வரைந்த அந்தப் படத்தையே ஒரு வரைபடம்போலப் பரப்பி வைத்துப் படிக்கலாம். கூட உட்கார்ந்து அவர்கள் சண்டை போடுவதைக் கேட்பது அதைவிட அருமை. "இந்த வழியை வைக்கலாம்", "யார் செய்வாங்க அதெல்லாம்" என்ற இரண்டு வரிப் பேச்சில் பத்துப் பக்கக் கருத்துக்கணிப்பு அடங்கியிருக்கும்.

ஆனால் இது வெறும் அளவுகோல் இல்லை, அளக்கும் பொருளையே மாற்றிவிடும். ஐந்து வாரம் இதைப் பற்றி யோசித்த பிள்ளை, தொடங்கியபோது இருந்த பிள்ளை இல்லை. அது நல்லதுதான், "பதின்ம வயதினர் இப்படி நினைக்கிறார்கள்" என்று பொதுவாகச் சொல்ல மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது. வருபவர்களும் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்களாகவே இருப்பார்கள். கணினி நன்றாகத் தெரிந்த ஒருவர் விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டால் அவர் கதையாகவே ஆகிவிடும், அதனால் முதலில் தாளிலும் பேனாவிலும் கிளைகளை வரையச் சொல்லிவிட்டு அப்புறம் கணினிக்குப் போகலாம்.

செயற்கை நுண்ணறிவு உரையாடலாக ஓடும் கதையையும் சிலர் யோசிக்கிறார்கள். இந்த வேலைக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு கதை போகும், ஒப்பிட எதுவும் மிஞ்சாது. நடுவில் இயந்திரம் தானாக ஒரு பக்கம் சாய்த்துவிட்டால், திரும்பி வருவது யார் குரல் என்று சொல்லவே முடியாது. பேனா நம் கையிலும் இருக்காது, அவர்கள் கையிலும் இருக்காது.

கதை எதைப் பற்றி இருக்க வேண்டும்

வடிவத்தை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும், இக்கட்டு அற்பமாக இருந்தால் பதிலும் அற்பமாகவே வரும். விளக்கை அணைப்பதா வேண்டாமா என்ற கதையில் யாருடைய மனமும் தெரியாது. 2017-இல் வைன்ஸ், நிக்கோலஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாவின் பள்ளிப் பாடநூல்களைப் பார்த்தபோது, பசுமைக்குடில் வாயு உமிழ்வை உண்மையில் பெரிதாகக் குறைக்கும் தனிமனிதச் செயல்கள் அவற்றில் மிக அரிதாகவே பேசப்பட்டிருந்தன. விமானத்தைத் தவிர்ப்பது, கார் இல்லாமல் வாழ்வது போன்றவைதான் அந்தப் பெரிய செயல்கள். இவற்றில் எதையும் முடிவு செய்யும் அதிகாரம் பதின்ம வயதினரிடம் இல்லை. கார் அவர்களுடையது இல்லை, பணம் இல்லை, ஓட்டும் இல்லை.

அவர்களிடம் இருப்பது குரல். அது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், பள்ளியில் காலநிலை பற்றிக் கற்ற பிள்ளைகள் வழியாகப் பெற்றோரின் அக்கறையும் கூடியது. தந்தையரிடமும், பழமைவாத அரசியல் பார்வை கொண்ட பெற்றோரிடமும் அந்த மாற்றம் அதிகம், அதிலும் மகள்கள் சொன்னால் கூடுதல் பலன். கிரேட்டா துன்பர்க் 2018 ஆகஸ்டில் பள்ளிக்குப் போகாமல் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் காலநிலைக்காகத் தனியாக உட்கார்ந்தபோது அவருக்கு 15 வயது. 2019 மார்ச் 15 அன்று உலகெங்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். ஆக, நல்ல இக்கட்டு என்பது யாரிடம், எப்போது, என்ன விலை கொடுத்துப் பேசுவது என்பதைச் சுற்றி இருக்க வேண்டும். வீட்டில் பெரியவர் முன்னால், நண்பர்கள் நடுவே, பள்ளி நிர்வாகத்திடம். எல்லோரும் கிரேட்டா ஆக வேண்டும் என்று கதை எதிர்பார்க்கக் கூடாது. பேசாமல் இருப்பதற்கும் நல்ல காரணங்கள் உண்டு, அந்தக் காரணங்கள்தான் நமக்கு வேண்டும்.

எதை எடுப்பது

ஒரே ஒரு வகுப்பு நேரம்தான் கிடைக்கும், 30 அல்லது 40 பேர் என்றால் இரண்டாவது வகையை எடுங்கள். அரட்டை வடிவில் ஒரே ஒரு தொடக்கம், 25 நிமிடம் எழுத, மீதி நேரம் பேச. இதற்குச் செலவும் இல்லை, மென்பொருளும் வேண்டாம், ஒரு இணையப் படிவம் போதும்.

நூற்றுக்கணக்கானவர்களை எட்ட வேண்டும், பல பள்ளிகளை ஒப்பிட வேண்டும் என்றால் கிளைக் கதைதான் தாங்கும். ஆனால் அதை நான் ஒரு நிபந்தனையோடு மட்டும் பரிந்துரைப்பேன்: ஒவ்வொரு முடிவிடத்திலும் கடைசி வழியாக ஒரு காலிக் கட்டம் இருக்க வேண்டும். "வேறு ஏதாவது செய்வேன்:" என்று இரண்டு வரி எழுத இடம். எத்தனை பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, அதில் என்ன எழுதினார்கள் என்பதை முதலில் படியுங்கள். நாம் வைக்காத கதவு எது என்பதை அந்தக் கட்டம்தான் சொல்லும். அந்தப் பதில்கள் பத்துப் பேருக்குமேல் ஒரே திசையில் போனால், கதையைத் திருத்தி அந்த வழியையும் சேர்த்து அடுத்த பள்ளிக்குக் கொண்டுபோங்கள். நேரமும் ஆளும் இருந்தால், காலிக் கட்டத்தை அதிகம் நிரப்பியவர்களில் விருப்பமுள்ள ஆறேழு பேரை அழைத்து மூன்றாவது வகையைச் செய்யலாம். அடுத்த கிளைக் கதையை அவர்களே எழுதட்டும். எனக்கு மிகவும் பிடித்த வரிசை இதுதான்: நம் கதையில் தொடங்கி, அவர்கள் கதையில் போய் முடிவது.

ட்வைனில் ஒரு நடைமுறைச் சிக்கல். அது தரும் கோப்பு எந்தச் செல்பேசியிலும் திறக்கும், ஆனால் பதில்களைத் தானாக எங்கும் சேமித்து அனுப்பாது. தனியாக ஒரு படிவத்தோடு இணைக்க வேண்டும், இல்லையென்றால் கதையின் இறுதியில் பதில்களைத் தொகுத்துக் காட்டி, நகலெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். இதை முதல் நாளிலேயே சோதித்துவிடுங்கள்.

பெயர் கேட்காதீர்கள். மின்னஞ்சலும் வேண்டாம். வயது, வகுப்பு போதும். பெற்றோரின் அனுமதியும் பிள்ளையின் சொந்த விருப்பமும் இரண்டும் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் "இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்" என்ற வழி இருக்கட்டும். ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளைகள் இதைப் படிக்கப்போகிறார்கள் என்பதை, அன்றாட வாழ்க்கையே பாதிக்கப்படுவதாகச் சொன்ன அந்த 45 விழுக்காடு நமக்குச் சொல்லிவிட்டது. கதை முடிந்ததும் யாரிடம் பேசலாம் என்று, பக்கத்தில் இருக்கும் ஒரு மனிதரைக் காட்ட வேண்டும்.

இன்னொரு கடமையும் இருக்கிறது. 1989-இல் ஏற்கப்பட்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையும் அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புப் பெறும் உரிமையும் குழந்தைகளுக்கு உண்டு என்கிறது. உடன்படிக்கையின் குழு 2023-இல் வெளியிட்ட 26-ஆவது பொதுக் கருத்துரை சுற்றுச்சூழலையும், குறிப்பாகக் காலநிலை மாற்றத்தையும் பற்றியது. இந்த மதிப்பு நம் சிறிய வேலைக்கும் பொருந்தும். தொடங்கும் நாளிலேயே ஒரு தேதி சொல்லுங்கள்: இந்த நாளில் நாங்கள் திரும்பி வந்து, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கே காட்டுவோம். அந்த நாளில் அவர்கள் எழுதிய காலிக் கட்டப் பதில்களை, பெயரில்லாமல், சுவரில் ஒட்டி வையுங்கள். எதையெல்லாம் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று அவர்களையே குறிக்கச் சொல்லி ஆளுக்கொரு பேனாவைக் கொடுங்கள்.